ஏறிய நட்டும் பொருந்திய நட்டும்

சமையலறை அலமாரியில் வரிசையாக நிற்கும் எவர்சில்வர் சம்படங்களின் மூடிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்ப மூடப் புகும்போது, கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு மூடிகளுள் ஒன்று தன் சம்படத்தில் மாத்திரமே அழுந்தி உட்கார்ந்து, அடுத்ததில் பாதி வரையில் இறங்கிச் சாய்ந்து நின்றுவிடுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கண்டு, மூடியை மாற்றிப் போட்டுவிட்டு, அதற்குமேல் அதைப் பற்றி யோசியாமல் நம் காரியத்தைப் பார்க்கப் போயிருக்கிறோம். பார்வைக்குச் சமமாயிருக்கும் இரண்டு பொருள்கள் கைக்குச் சமமாக இல்லாமற்போவது ஏன் என்னும் இந்தச் சிறு புதிரைக் கடைசிவரையில் தொடர்ந்து போகும்படியான நிர்ப்பந்தம் எனக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளால் ஏற்பட்டது.

அது என் பெரியப்பா ஓட்டிய 350 புல்லட். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த ராயல் என்பீல்டு கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்பீல்டு இந்தியா என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, திருவொற்றியூரில் முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டியும், பிறகு படிப்படியாக எல்லாப் பாகங்களையும் இங்கேயே வார்த்தும் கடைந்தும் செய்துவந்த காலத்தைச் சேர்ந்த வண்டி. தாய்வீட்டில் 1970-ல் உற்பத்தி நின்றுபோன பின்னும் இங்கே நில்லாமல் நடந்துவந்தபடியால், புல்லட்டை அயல்நாட்டு யந்திரம் என்று சொல்ல என் நாக்கு கூசுகிறது. ஆயினும் அதன் உடம்பில் ஓடிய அளவுகள் அங்குல அளவுகளே. தேசம் முழுவதும் 1957-ல் நயா பைசாவுக்கும் 1958-ல் கிலோகிராமுக்கும் மாறிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இந்த வண்டியின் திருகுகள் மாத்திரம் அங்குலத்தையும் அதன் பின்னங்களையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. இந்த விவரத்தை நான் ஒரு திருகைக் கெடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பல வருஷம் தகரக் கொட்டகையில் நின்ற வண்டியைப் புதுப்பிக்கப் புகுந்தவன் எவனும், தொலைந்த பாகத்துக்கு மாற்றுப் பாகம் தேடுபவனாகவே பாதி நேரத்தைக் கழிக்கிறான். ஹாரன், கண்ணாடி, கைப்பிடி உறை போன்றவற்றை எந்த வண்டியிலிருந்து எடுத்து மாட்டினாலும் பெரிய கேடு ஒன்றும் விளைவதில்லை, அவற்றை விட்டுவிடுவோம். என்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கும் தட்டுகளுள் ஒன்றில், ஸ்டட் என்னும் மரைத்தண்டின்மேல் ஏற வேண்டிய ஒரு நட்டு காணாமற்போயிருந்தது. பட்டறையில் நட்டு போட்டுவைத்திருந்த பழைய பிஸ்கட் டப்பாவைக் கொட்டித் துழாவி, வேறொரு வண்டியிலிருந்து கழன்ற நட்டு ஒன்றைப் பொறுக்கி வைத்துத் திருகினேன். விரலுக்கு இரண்டு மூன்று சுற்று வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு சற்று இறுகிற்று. ஸ்பானர் போட்டுத் திருப்பினேன். திமிறிக்கொண்டே அடிவரையில் இறங்கிற்று. அந்தத் திமிறலை நான் உறுதி என்று எடுத்துக்கொண்டேன். கடைசியாக ஒரு கால் சுற்று திருப்பியபோது, கையில் இருந்த எதிர்ப்பு திடீரென்று விட்டுப்போய், ஸ்பானர் வெண்ணெயில் சுற்றுவதுபோலச் சுற்றிற்று. நட்டைக் கழற்றிப் பார்த்தால் ஸ்டட்டின் மரையிலிருந்து உரிந்த இரும்பு, தேங்காய்த் துருவல்போல என் உள்ளங்கையில் கிடந்தது.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. “ஏறிட்டா மட்டும் போதுமா தம்பி? உக்காந்திருக்கணுமே” என்றார். ஏறுவது வேறு, உட்காருவது வேறு என்னும் அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இனி விஸ்தாரமாகப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் மரை என்பது என்ன? ஒரு காகிதத்தைச் சாய்வான முக்கோணமாக வெட்டி, அதை ஒரு பென்சிலின்மேல் சுற்றினால், காகிதத்தின் சாய்ந்த விளிம்பு பென்சிலைச் சுற்றிச் சுற்றி மேலேறும் ஒரு கோடாகத் தெரியும். திருகாணியின் மரை அந்தக் கோடுதான். அதாவது, ஒரு சாய்தளத்தைத் தண்டின்மேல் சுருட்டிவைத்ததே திருகு. பழனி மலைக்குப் போனவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். படிப் பாதையில் நேரே ஏறினால் தூரம் குறைவு, மூச்சு அதிகம் வாங்கும். யானைப் பாதையில் சுற்றி ஏறினால் நடை நீளம், பிரயாசை குறைவு. மரைக்கு மரை நெருக்கமாக வெட்டப்பட்ட திருகு யானைப் பாதையைப் போன்றது: ஒரு சுற்றுக்கு அது ஏறும் உயரம் சிறிது, ஆகையால் சிறிய பலத்தில் பெரிய இறுக்கம் கிடைக்கிறது, சாய்வு மிதமாயிருப்பதால் வண்டி அதிரும்போது தானாகச் சறுக்கிக் கழன்றுவிடுவதும் அரிது. ஒரு முழுச் சுற்றில் நட்டு எவ்வளவு ஏறுகிறதோ, அதாவது அடுத்தடுத்த இரண்டு மரைகளின் முகடுகளுக்கு நடுவே எவ்வளவு தூரமோ, அதைப் புரியிடை என்று சொல்வோம். பட்டறைக்காரர்கள் அதையே பிட்ச் என்கிறார்கள்.

ஒரு நட்டும் ஒரு போல்ட்டும் பொருந்துவதற்கு ஆகவே மூன்று விஷயங்கள் ஒத்துவர வேண்டும். தண்டின் விட்டம் ஒன்று; புரியிடை ஒன்று; மரையின் இரண்டு சரிவுகளும் சேரும் கோணம் ஒன்று. நம்முடைய கண் விட்டத்தை மாத்திரமே பார்க்கிறது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் வீடுகளில், மற்ற ஒன்பதும் கூடிவந்தாலும் ரஜ்ஜு தட்டிவிட்டால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்களல்லவா? திருகுகளுக்குள் அந்த ரஜ்ஜுவின் ஸ்தானம் புரியிடைக்கே உரியது.

என் ஸ்டட்டின் விட்டம் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு. மில்லிமீட்டர்க் கணக்கில் 7.94. நான் பொறுக்கிய நட்டோ 8 மில்லிமீட்டருக்கு உரியது. வித்தியாசம் ஒரு தலைமயிரின் கனத்துக்குக்கூடத் தேறாது. ஸ்டட்டில் அங்குலத்துக்கு 26 மரைகள். ஆகவே புரியிடை 0.977 மில்லிமீட்டர். நட்டின் புரியிடை சரியாக 1 மில்லிமீட்டர். கோணமும் இரண்டுக்கும் அறுபது பாகையே. இவ்வளவு நெருங்கிய சொந்தமாயிருந்ததுதான் விபரீதமாயிற்று. முதல் சுற்றில் மரைக்கும் மரைக்கும் இருந்த பிசகு 0.023 மில்லிமீட்டர், அறுபது வருஷம் தேய்ந்த ஸ்டட் அதைப் பொறுத்துக்கொண்டது. ஆனால் பிசகு ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போகும். ஆறு சுற்றில் அது ஏறக்குறைய 0.14 மில்லிமீட்டர், அதாவது ஒரு மரையின் அகலத்தில் ஏழில் ஒரு பங்கு. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடந்து போகும்போது ஒருவர் எட்டு மற்றவர் எட்டைவிட அரை விரற்கடை நீளமாக இருந்தால், முதல் பத்தடியில் யாருக்கும் தெரியாது. தெருக்கோடி போவதற்குள் கைகோத்து நடக்க முடியாமற்போகும். அப்படியே நட்டின் நடுவில் இருந்த மரைகள் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்க, இரு கோடியிலும் இருந்த ஒன்றிரண்டு மரைகள் மாத்திரமே முழுப் பாரத்தையும் சுமந்தன. என் கை உணர்ந்த இறுக்கம் தட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் இறுக்கம் அன்று. மரைகள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்ட உராய்வு. 8 மில்லிமீட்டர் நட்டுகளில் சாதாரணமாகக் கிடைப்பது 1.25 புரியிடை கொண்டது. அது அகப்பட்டிருந்தால் முதல் சுற்றிலேயே மறித்து நின்று என்னைக் காப்பாற்றியிருக்கும்.

இதை எப்படி நிச்சயமாக அறிந்தேன் என்று கேட்பீர்கள். மேஸ்திரியின் பெட்டியில் பேனாக்கத்திபோல மடங்கும் ஒரு சிறு கருவி இருக்கிறது. அதன் ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் சீப்பின் பற்கள்போல ஒவ்வொரு புரியிடை வெட்டப்பட்டிருக்கிறது. தகட்டை மரையின்மேல் வைத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தால், பொருந்தாத தகட்டுக்கு அடியில் வெளிச்சம் பிறைபிறையாகக் கசியும். பொருந்திய தகட்டின் அடியில் ஓர் ஒளிக்கீற்றும் வராது. அந்தக் கருவி கையில் இல்லாதவர்கள் இரண்டு போல்ட்டுகளை எடுத்து, மரையோடு மரை படும்படி பக்கவாட்டில் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தாலே போதும். கண்ணால் அளக்கவே முடியாத அந்த 0.023 மில்லிமீட்டர் பிசகு, பத்துப் பன்னிரண்டு மரைகளில் பெருகி, கண்ணுக்குத் தெரிகிற சந்தாகிவிடுகிறது. மரையைக் கெடுத்த அதே பெருக்கம், இங்கே நமக்குச் சாட்சி சொல்ல வருகிறது.

மரைகளுக்கு ஏன் இத்தனை ஜாதிகள்? ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டப்படி மரை வெட்டிக்கொண்டது. ஒரு பட்டறையின் போல்ட் அடுத்த தெருப் பட்டறையின் நட்டுக்கு ஆகாது. நம் நாட்டில் ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறுபட்டிருந்த நிலைமையை நினைத்துக்கொண்டால் இது புரியும். இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் பல பட்டறைகளின் திருகுகளைத் திரட்டி, ஒவ்வொரு விட்டத்துக்கும் அவரவர் வைத்த புரியிடைகளின் சராசரியை எடுத்து, கோணத்தை 55 பாகை என்று நிர்ணயித்து, 1841-ல் ஒரு பொதுத் திட்டத்தை முன்வைத்தார். இயற்கை விதி எதிலிருந்தும் பிறந்ததன்று அந்த 55. எல்லோரும் ஏற்கக்கூடிய ஒரு நடுநிலையிலிருந்து பிறந்தது. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல், சமபக்க முக்கோணத்தை வெட்டுவதும் சோதிப்பதும் சுலபம் என்று 60 பாகையை எடுத்துக்கொண்டார். இந்த ஐந்து பாகை வித்தியாசத்தால் இரண்டாம் உலக யுத்தத்தில் நேசநாடுகள் பட்ட அவஸ்தை கொஞ்சமன்று. ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான என்ஜினை அமெரிக்காவில் செய்ய முன்வந்த பாக்கார்டு கம்பெனி, பிரிட்டிஷ் மரைகளை வெட்டும் கருவிகளைத் தானே செய்துகொள்ள நேர்ந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகே 1948-ல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் ஒரு பொது மரைக்கு உடன்பட்டன.

இதற்கு நடுவே இங்கிலாந்தின் சைக்கிள் உற்பத்தியாளர் தமக்கென்று வேறொரு மரையை வைத்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிளின் குழாய்கள் மெல்லியவை. ஆழமாக மரை வெட்டினால் குழாயில் மிச்சம் ஒன்றும் இராது. ஆகையால் அங்குலத்துக்கு 26 என்று நெருக்கமாகவும் ஆழமில்லாமலும் வெட்டினார்கள். அந்நாட்டு மோட்டார் சைக்கிள்கள் சைக்கிள் கம்பெனிகளிலிருந்து கிளைத்தவையாதலால், அந்த மரை கூடவே வந்துவிட்டது. ரெட்டிச்சிலிருந்து கப்பலேறித் திருவொற்றியூருக்கும் வந்தது. என் பெரியப்பாவின் வண்டியில் நான் தொட்ட ஸ்டட், ஒரு மிதிவண்டிக் குழாயின் மெல்லிய சுவரை ஞாபகம் வைத்துக்கொண்டிருந்தது. இதை அறிந்த நாள் முதல் எனக்கு அந்தச் சிறிய இரும்புத் துண்டின்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

விசேஷம் என்னவென்றால், இத்தனை அங்குலப் பிடிவாதத்துக்கு நடுவிலும் அதே என்ஜினின் ஸ்பார்க் பிளக்கு மெட்ரிக் மரை உடையது: 14 மில்லிமீட்டர் விட்டம், 1.25 புரியிடை. மைசூரில் செய்த ஜாவாவிலிருந்து கழற்றிய பிளக்கின் மரை புல்லட்டின் தலையில் ஆட்சேபமில்லாமல் இறங்கும். பிளக்கு அடிக்கடி மாற்ற வேண்டிய சாமான். எந்த ஊரில் வண்டி நின்றாலும் அந்த ஊர்க் கடையில் கிடைக்க வேண்டும். ஆகவே அதில் மாத்திரம் உலகம் சீக்கிரமே ஒத்துப்போயிற்று. பேரிங்குகளும் இப்படியே. அவற்றின்மேல் பொறித்திருக்கும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை, 04-லிருந்து மேற்பட்டவையானால், ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் அளவு மில்லிமீட்டரில் கிடைத்துவிடும்: 6305 என்றால் 25 மில்லிமீட்டர். எந்தத் தேசத்தில் செய்தாலும், எந்தக் கம்பெனியின் பெயர் இருந்தாலும் அதன் வெளிவிட்டம் 62, கனம் 17. மாற்றுப் பாகம் தேடுபவனுக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை.

இனி இரண்டாவது படிக்கு வருவோம். 62 என்றால் சரியாக 62-ஆ? உலகத்தில் எந்தப் பட்டறையும் சரியாக 62 மில்லிமீட்டரில் எதையும் செய்ததில்லை, செய்யவும் முடியாது. மயிரிழை கூடும், அல்லது குறையும். ஆகையால் தேர்ந்த பொறியாளன் வரைபடத்தில் ஓர் அளவைக் குறிப்பதோடு நில்லாமல், இவ்வளவு வரையில் கூடலாம், இவ்வளவு வரையில் குறையலாம் என்று இரண்டு எல்லைகளையும் குறிக்கிறான். அந்த எல்லைகளுக்கு நடுவே உள்ள வெளிக்குத் தமிழில் பொறுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொறுத்துக்கொள்ளும் அளவு என்று பொருள் தரும் நல்ல சொல். துளைக்கும் தண்டுக்கும் உரிய பொறுதிகளை எப்படி அடுக்குகிறோமோ அதைப் பொறுத்து மூன்று விதமான பொருத்தங்கள் உண்டாகின்றன. தண்டு எப்போதும் துளையைவிடச் சிறியதாயிருந்தால் தளர்பொருத்தம். எப்போதும் பெரியதாயிருந்தால் இறுக்கப்பொருத்தம். இரண்டுக்கும் இடம் கொடுப்பது இடைப்பொருத்தம். சம்படத்தின் மூடியை மாற்றி மூட முடியாமற்போவதற்குக் காரணமும் இதுவே: மூடிக்கும் வாய்க்கும் வேண்டிய இடைவெளியைவிட, தகடு அழுத்திச் செய்வதில் நேரும் ஏற்றத்தாழ்வு பெரியது.

இவ்வளவு நுட்பமான எல்லைகளை அளப்பது எப்படி? மைக்ரோமீட்டர் என்ற கருவியின் உள்ளே இருப்பதும் ஒரு திருகே. அதன் புரியிடை அரை மில்லிமீட்டர். சுற்றும் உறையின் விளிம்பில் 50 கோடுகள். ஆகவே ஒரு கோடு நகர்ந்தால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. என் நட்டில் வினையாக முடிந்த சுற்றும் ஏற்றமும் இங்கே அளவுகோலாகிவிட்டன. அந்த மைக்ரோமீட்டர் சரியா என்று சோதிக்க, ஸ்வீடன் தேசத்தில் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலைபார்த்த கார்ல் எட்வர்டு யோஹான்சன் 1896-ல் ஓர் உபாயம் கண்டார். கண்ணாடிபோல இழைத்த எஃகுக் கட்டைகள் சிலவற்றை வெவ்வேறு கனங்களில் செய்துகொண்டு, வேண்டிய அளவுக்கு அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது. அந்தக் கட்டைகளின் முகங்கள் எவ்வளவு சமதளமென்றால், ஒன்றை மற்றொன்றின்மேல் அழுத்தி வழுக்கிவிட்டால் பசையின்றி ஒட்டிக்கொண்டு, ஒரே கட்டையாகத் தூக்க வருகின்றன. அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் நெடுநாள் இருந்த நுண்ணிய தகராறும், ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டரே என்று அவர் எடுத்துக்கொண்ட கணக்கையே 1959 ஜூலை முதல் நாளிலிருந்து ஆங்கிலம் வழங்கும் பெரிய நாடுகள் ஏற்றுக்கொண்டதில் தீர்ந்தது.

இறுக்கப்பொருத்தத்தை நம்முடைய தச்சர்களும் கொல்லர்களும் நெடுங்காலமாக அறிவார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். பட்டையை மரச்சக்கரத்தைவிடச் சற்றே சிறியதாகச் செய்து, வறட்டி அடுக்கி மூட்டிய தீயில் பழுக்கக் காய்ச்சி, இடுக்கிகளால் நாலு பேர் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்கி, குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றுவார்கள். புகையும் நீராவியும் எழ, ஆரக்கால்கள் நெறுநெறுவென்று நெருங்கிச் சேரும் சத்தம் கேட்கும். என்ஜினின் அலுமினியக் கூட்டில் பேரிங்கை இறக்குவது அதே வித்தைதான். பேரிங்கின் துளைவீடு பேரிங்கைவிட மயிரிழை சிறியது. சுத்தியால் அடித்தால் கூடு விரிசல் காணும். கூட்டை நூறு பாகை அளவுக்குச் சூடேற்றினால், 62 மில்லிமீட்டர்த் துளை ஏறக்குறைய 0.14 மில்லிமீட்டர் அகலுகிறது. பேரிங்கு தன் பாரத்திலேயே விழுந்து உட்கார்ந்துகொள்ளும். சூடேற்றினால் உலோகம் நாலாபுறமும் பருத்துத் துளை சுருங்கிவிடாதா என்று அநேகர் கேட்பதுண்டு, நானும் கேட்டிருக்கிறேன். ஒரு போட்டோவைப் பெரிதுபடுத்தினால் அதிலுள்ள முகம் மாத்திரமன்றி வாயும் பெரிதாகிறதல்லவா? உஷ்ணம் பொருளின் எல்லாப் பரிமாணங்களையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குகிறது. துளையும் ஒரு பரிமாணமே.

பிஸ்டனுக்கு வரும்போது விஷயம் இன்னும் சுவாரஸ்யமாகிறது. பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. பிஸ்டன் அலுமினியக் கலவை. ஒரே உஷ்ணத்துக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. அதோடு பிஸ்டனின் தலை நெருப்பில் நிற்கிறது. சிலிண்டரின் சுவர் காற்றில் குளிர்கிறது. 70 மில்லிமீட்டர்ப் பிஸ்டனின் தலை இருநூறு பாகை சூடேறினால் விட்டத்தில் 0.3 மில்லிமீட்டர் பருக்கும். அதே நேரத்தில் சிலிண்டர் நூறு பாகை சூடேறினால் அகலுவது 0.08 மாத்திரமே. இதற்கு இடம் வைக்காவிட்டால் பிஸ்டன் சுவரைக் கவ்விக்கொண்டு வண்டி ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். என்ஜின் சீஸ் ஆகிவிட்டது என்று சொல்வது இதைத்தான். ஆகையால் பிஸ்டன், பார்வைக்கு உருளையாகத் தோன்றினாலும், உருளையன்று. தலைப்பக்கம் குறுகியும் அடிப்பக்கம் அகன்றும் இருக்கும்; பக்கவாட்டிலும் முழு வட்டமாக இராமல் சற்றே நீள்வட்டமாயிருக்கும்; சூடேறி ஓடும்போதுதான் அது வட்டத்தை நெருங்குகிறது. கடைசல் பட்டறையில் இதை மைக்ரோமீட்டரால் நானே அளந்து பார்த்தபோது, பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க, எண்கள் மாறிக்கொண்டே வந்தன. எந்த இடத்தில் அளந்த விட்டத்தை விட்டமென்று சொல்வது? பிஸ்டனின் பின்னுக்குக் குறுக்காக, அடிப்பாவாடைப் பகுதியில், என்று வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள்.

அளக்கும் பொழுதும் ஒரு விஷயந்தான். நீளங்கள் அனைத்தையும் 20 பாகை செல்சியஸில் இருப்பதாக வைத்தே சொல்ல வேண்டும் என்று 1931-ல் சர்வதேச உடன்பாடு ஏற்பட்டது. சித்திரை மாதத்துச் சென்னையில் நண்பகல் பட்டறையின் சூடு 35 பாகை. அந்தச் சூட்டில் என் பிஸ்டன் 0.024 மில்லிமீட்டர் பருத்திருந்தது; அளக்கும் எஃகுக் கருவி அதில் பாதியளவு தானும் நீண்டிருந்தது; மிச்சமான பிசகு 0.012. பிஸ்டனுக்கும் சுவருக்கும் விடவேண்டிய இடைவெளியே நூறில் பத்துப் பங்கு மில்லிமீட்டர்தான் என்றால், இந்தப் பிசகு அதில் எட்டில் ஒரு பங்கு. மேஸ்திரி காலை ஆறு மணிக்கே சிலிண்டரின் உள்விட்டம் அளக்க வரச்சொன்னதன் சூட்சுமம் அப்போது எனக்கு விளங்கிற்று.

எல்லா அளவும் பொருந்தியும் பொருந்தாதது ஒன்று இருக்கிறது, அது நிறை. எனக்குப் பழைய பிஸ்டன் கிடைக்கவில்லை. பிற்கால வண்டி ஒன்றுக்கு உரிய, அதே 70 மில்லிமீட்டர்ப் பிஸ்டன் கிடைத்தது, பின்னும் பொருந்திற்று, உயரமும் ஒத்தது. நகைக்கடைத் தராசில் வைத்தால் பழையதைவிட 38 கிராம் அதிகம். முப்பத்தெட்டுக் கிராம் ஒரு பெரிய விஷயமா? புல்லட்டின் பிஸ்டன் மேலும் கீழும் 90 மில்லிமீட்டர் ஓடுகிறது. நிமிஷத்துக்கு 4000 சுற்றில், உச்சியில் அது நின்று திரும்பும் கணத்தில், அதன் வேகமாற்றம் புவியீர்ப்பைப்போல எண்ணூறு மடங்குக்குக் குறையாது. அந்தக் கணத்தில் 38 கிராம் 30 கிலோ பாரத்தின் இழுப்பாகிறது. அதாவது அரை மூட்டை சிமெண்டுக்கு மேற்பட்ட பாரம், நொடிக்கு 66 தடவைக்கு மேல் சட்டத்தை உலுக்குகிறது. பரிசலில் நிற்பவன் முன்னே தாவினால் பரிசல் பின்னே போகும். பிஸ்டன் கீழே தாவும்போது என்ஜின் மேலே துள்ளப் பார்க்கிறது.

இதை அடக்குவதற்காக, பிஸ்டனிலிருந்து வரும் இணைதண்டைத் தாங்கும் பின்னுக்கு நேர் எதிரே, என்ஜினின் சுழல்சக்கரங்களில் ஓர் எதிர்ப்பளு வைத்திருக்கிறார்கள். பிஸ்டனின் நிறை முழுவதுக்கும் ஈடான எதிர்ப்பளு வைத்துவிட்டால் அதிர்வே இராதே என்று தோன்றும். ஆனால் பிஸ்டன் மேலும் கீழும் மாத்திரம் போகிறது. எதிர்ப்பளுவோ வட்டமாகச் சுழல்கிறது. பிஸ்டன் நடுவழியில் இருக்கும்போது எதிர்ப்பளு பக்கவாட்டில் வீசி நிற்கும். அதை எதிர்த்து இழுக்க அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. மேல்கீழ் உலுக்கல் ஒழிந்து முன்பின் உலுக்கல் பிறந்துவிடும். ஒற்றைச் சிலிண்டர் என்ஜினில் இந்தத் தொல்லையை இந்த ஒரு பளுவால் ஒழிக்கவே முடியாது. திசை மாற்றிப் பங்கிட்டுக் கொடுக்கத்தான் முடியும். ஆகையால் பிஸ்டன் பக்கத்து நிறையில் பாதிக்குச் சற்று மேற்பட்ட ஒரு பங்குக்கு மாத்திரம் ஈடு செய்து, மிச்சத்தைச் சட்டத்தின் தாங்கும் குணத்துக்கு விடுகிறார்கள். எந்தப் பங்கு என்பது சட்டத்துக்குச் சட்டம் மாறும். ஒரு வண்டியின் என்ஜினை அப்படியே தூக்கி வேறொரு வண்டியின் சட்டத்தில் வைத்தவர்கள், எல்லா நட்டும் பொருந்தியும், ஓட்டும்போது கை மரத்துப்போகிறதே என்று வியப்பது இதனாலேதான். இதே காரணத்தால், 350-ல் 500-ன் சிலிண்டரை வைத்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்ன யோசனைக்கும் நான் இணங்கவில்லை. இரண்டுக்கும் ஓட்டம் 90 மில்லிமீட்டரே. விட்டம் மாத்திரம் 70-க்குப் பதில் 84. காகிதத்தில் இதைவிட அழகான பொருத்தம் இராது; பிஸ்டனின் பரப்பு 1.44 மடங்காகிறது, நிறையும் அதோடு ஏறுகிறது.

38 கிராமைச் சரிசெய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சமதளமாக நிறுத்திய இரண்டு எஃகு விளிம்புகளின்மேல் சுழல்சக்கரங்களை அவற்றின் அச்சோடு கிடத்தி, பிஸ்டனுக்குப் பிரதிநிதியாக, கணக்கிட்ட பங்கு எடையை இணைதண்டின் பின்னில் தொங்கவிட்டார் மேஸ்திரி. சக்கரம் மெல்ல உருண்டு, பின் இருக்கும் பக்கம் கீழே வரும்படி நின்றது. அந்தப் பக்கம் கனம் என்று அது தானே சொல்லிற்று. அந்தப் பக்கத்தில் சாக்குக் கட்டியால் குறியிட்டு, டிரில்லால் சிறு குழி ஒன்று போட்டு, மறுபடி கிடத்தினார். இன்னும் உருண்டது, ஆனால் சோம்பலாக. இன்னொரு குழி. இப்படியே நாலைந்து முறை, ஒவ்வொரு முறையும் குழியின் ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் எந்த நிலையில் விட்டாலும் சக்கரம் அந்த நிலையிலேயே அசையாமல் நின்றது. கீழே விரித்திருந்த செய்தித்தாளில் விழுந்த இரும்புத் தூளைத் திரட்டி நிறுத்தால் பதினைந்து கிராம்.

ஸ்டட்டுக்கு, கடைசல்காரர் எஃகு அறுகோணக் கம்பியிலிருந்து அங்குலத்துக்கு 26 மரையில் ஒரு புது நட்டு வெட்டிக் கொடுத்தார். சிதைந்த ஸ்டட்டையும் அதே மரையில் புதிதாகக் கடைந்தோம். ஸீட்டுக்கு அடியில் இருக்கும் டூல் பெட்டியில், ஆயில் துணியில் சுற்றி, ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது, அதன் மரை என்ன, எத்தனை கிராம், சுழல்சக்கரத்தில் எந்தெந்த இடத்தில் எவ்வளவு ஆழத்துக்குக் குழி போட்டிருக்கிறது என்றெல்லாம், அடுத்து இந்த என்ஜினைத் திறக்கப்போகிறவர் யாராயிருந்தாலும் வாசிக்கும்படி, பெரிய எழுத்தில் அதில் எழுதியிருக்கிறேன்.